மூன்றாம் கட்டம்

மலைநாட்டுக் குளிரில் வெள்ளெலிகள் அதிக நாள் உயிரோடு இருப்பதில்லை. கண்டியிலிருந்து கூடையில் வரவழைத்த நான்கில் இரண்டு ஹட்டன் ஸ்டேஷனில் இறக்கும்போதே விறைத்துப் போயிருந்தன. மூன்றாவது என் அறையில் ஒரு கிழமை இருந்தது. நான்காவதைப் பூனை கொண்டுபோனது. லியனார்ட் மாஸ்டர், இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. எலிகளை ஏன் பயன்படுத்தவில்லை என்பது உங்கள் முதல் கேள்வி. அதற்குப் பதில் இவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வியை நீங்கள் சொல்லில் கேட்கவில்லை. என் குறிப்புப் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், மே 14க்கும் மே 18க்கும் நடுவே, சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். இது பரீட்சகர்களிடம் போகலாம். வேறு யாரிடமும் போகலாம்.

என் பெயர் பத்திநாதன். வயது இருபத்துநான்கு. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆபீஸில் சின்னக் கிளாக்கர். தொழிலாளர் லயத்தில் பிறந்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவன். செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து பஸ் பிடித்து, பேக்கரிக்கு மேல்மாடியில் நீங்கள் நடத்தும் வகுப்புக்கு வருகிறேன். உளவியலில் வெளிவாரியாகச் சிறப்புப் பட்டம் எடுப்பது என் நோக்கம். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு பட்டம் இருப்பதே யாருக்கும் தெரியாது.

‘மூளையும் நடத்தையும்’ பாடத்துக்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வேண்டும் என்றீர்கள். அன்று கரும்பலகையில் நீங்கள் எழுதியது இன்னும் என் புத்தகத்தில் இருக்கிறது. பலன் ஒழுங்காகக் கிடைக்கும் பிராணி, பலன் நின்றதும் சீக்கிரம் எதிர்பார்ப்பை விட்டுவிடும். எப்போதாவது மட்டும் கிடைத்த பிராணி நெடுநாள் விடாது. அப்படியானால் காத்திருப்பது மூளை கற்றுக்கொள்ளும் ஒரு பழக்கம். அதை அளக்கலாம். இந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அளக்க முடியாதது என்று நான் நினைத்திருந்த ஒன்றை அளக்கலாம் என்று முதன்முறையாக ஒருவர் சொல்லிக் கேட்டேன்.

முதலில் என் அம்மாவிடம்தான் தொடங்கினேன். அம்மா சிசிலி என்னோடு ஸ்டாஃப் குவாட்டர்ஸில் இருக்கிறார். மத்தியானம் நான் வரும்வரை சாப்பிடமாட்டார். சில நாள் நேரத்துக்கும் சில நாள் வேண்டுமென்றே தாமதித்தும் போய், அவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று குறித்தேன். எட்டாவது நாள் அம்மா சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்.

“என்னடா, என்னைய வச்சுச் சோதன பண்றியா? கடியாரத்தப் பாத்துப் பாத்து எழுதுற?”

எட்டு நாள் குறிப்பையும் கிழித்தேன். சோதிக்கப்படுவது தெரிந்துவிட்டால் அளவு செல்லாது. தெரியாமல் இருக்கும் ஒருவர் வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் கடிதம் வருகிற முறையை இங்கே சொல்லவேண்டும். தப்பால்காரர் பழனியாண்டி காலையில் டவுனுக்கு நடந்துபோய்ப் பையைக் கொண்டுவருவார். பதினொரு மணிக்கு நான்தான் அதைத் திறப்பேன். பெரிய கிளாக்கர் அதில் கை வைப்பதில்லை. தொழிலாளர் கடிதங்களை எடுத்துக்கொண்டு, மத்தியானம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போவேன். அங்கே கணக்கப்பிள்ளை நிறுக்க நிறுக்க ராத்தலை எழுதுவதும் என் வேலை. நிறுவை முடிந்ததும் பெயர் கூப்பிட்டுக் கடிதம் கொடுப்பேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவேன். பெரும்பாலும் எல்லோருக்கும் வாசிப்பேன்.

பேச்சியம்மாவை அங்கேதான் தினமும் பார்ப்பேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகன் வீரய்யா, இருபது வயது. இந்த வருடம், 1963 ஜனவரியில், நெஞ்சு நோய்க்கு அவனைக் கீழ்நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அவன் போன அதே கிழமையில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் எழுதிக்கொடுத்தது. அதில் இப்படி இருந்தது: “இப்ப வராதீங்க அம்மா. டாக்டர் பாக்க விடமாட்டாரு. அவரு சரின்னதும் ‘வாங்க’ன்னு எழுதுறேன். அந்தக் காயிதத்த ஆபீசுல காட்டி லீவு கேளுங்க.”

கடிதமோ தந்தியோ காட்டாமல் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் மூன்று நாள் லீவு கிடைப்பதில்லை. ஆகவே பேச்சியம்மா காத்திருந்தது ஒரே ஒரு சொல்லுக்காக. அந்தச் சொல் என் கை வழியாகத்தான் அவளிடம் போகவேண்டும்.

நிறுவை முடிந்து மற்றவர்கள் லயத்துக்குப் போன பிறகும், அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மடுவத்துத் தூண் பக்கம் நிற்பாள். என்னிடம் இருந்தது நல்ல கைக்கடிகாரம்.

முதல் கட்டம் பெப்ரவரி. வீரய்யாவின் கடிதம் புதன்தோறும் வந்தது. வந்த அன்றே கொடுத்தேன். புதன்கிழமை மட்டும் நின்றாள், சராசரி ஆறு நிமிடம். மற்ற நாட்களில் திரும்பிப் பார்க்காமலே போனாள். ஒழுங்கான பலன், ஒழுங்கான எதிர்பார்ப்பு. கட்டுரையில் இது முதல் அட்டவணை.

இரண்டாம் கட்டம் மார்ச். கடிதங்களை வந்த அன்றே கொடுக்காமல் என் மேசை டிராயரில் வைத்து, ஒழுங்கில்லாத இடைவெளியில் கொடுத்தேன். பத்து நாள், பதினொரு நாள், ஐந்து நாள், பதினாறு நாள். கடிதங்களைப் பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு கிழமைக்குள் அவள் தினமும் நிற்கத் தொடங்கினாள். ஆறு நிமிடம் பதினைந்தானது, பிறகு இருபத்திரண்டு. நீங்கள் கரும்பலகையில் எழுதியது எங்கள் மடுவத்து வாசலில் நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. நான் எதையும் சரியாகச் செய்கிறேனா என்ற சந்தேகம் சிறுவயது முதல் எனக்கு உண்டு. எண்கள் அந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் அடக்கின.

மார்ச் கடைசியில் நான் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. மார்ச் 20 அன்று அவளுடைய ரொட்டிப் பொட்டலம் மழையில் வடிகால் கானுக்குள் விழுந்துவிட்டது. பட்டினியோடு மடுவத்துக்கு வந்தாள். அன்று கடிதம் கொடுத்தேன். 25ஆம் திகதி வயிற்று வலி என்று காலையில் எதுவும் தின்னவில்லை. அன்றும் கொடுத்தேன். இரண்டும் தற்செயல். என் அட்டவணையில் அந்த நாட்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. ஆனால் மறுநாள் முதல் அவள் ரொட்டியைத் தொடவில்லை. அவளோடு ஒரே நிரையில் கொழுந்தெடுக்கும் அம்மாக்கண்ணு மடுவத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி ஏசியதால்தான் எனக்குத் தெரிந்தது.

“ஏண்டி பேச்சி, தேத்தண்ணி நேரத்துல ரொட்டிய அவுத்துக்கூடப் பாக்கலியே. யாருக்குடி காட்டுற ஒம் பவுச?”

“காயிதம் வந்த பொறவு திங்கிறேன்.”

“ஒம் மகன் காயிதத்துல சோறு கட்டி அனுப்புறானாக்கும்! கொழம்பும் ஊத்தி அனுப்புவான், பொறு.”

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். பேச்சியம்மாவும் சிரித்தாள்.

“நீ சிரி அக்கா. வெறும் வயித்தோட நான் வந்த அன்னைக்குத்தான் ரெண்டு தடவயும் வந்திச்சு. தின்னுட்டு வந்த அன்னைக்கெல்லாம் இல்ல. நான் கண்டுபுடிச்சிட்டேன்.”

கண்டுபிடித்தேன் என்ற சொல்லை அப்படியே எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை வகுப்பில் இதை உங்களிடம் சொன்னேன், ஆளின் பெயர் சொல்லாமல். பலன் எப்போது வரும் என்று தெரியாத பிராணி, தான் அந்த நேரம் தற்செயலாகச் செய்த ஏதோ ஒன்றுதான் பலனைக் கொண்டுவந்தது என்று நம்பிவிடும் என்று விளக்கினீர்கள். “இது நல்ல அவதானிப்பு, பத்திநாதன். இதையே கட்டுரையின் நடுவில் வை” என்றீர்கள். வகுப்பில் என் பெயரைச் சொல்லி நீங்கள் பாராட்டியது அதுதான் முதல் தடவை. மாடிப்படி இறங்கும்போது பாண் வாசனை வந்தது. பஸ் போய்விட்டிருந்தது. தோட்டம்வரை ஐந்து மைலையும் நடந்தேன். கால் வலித்ததாக நினைவில்லை.

ஏப்ரல் 10 அன்று நான்காவது கடிதத்தைக் கொடுத்தேன். பதினாறு நாள் காலைப் பட்டினிக்குப் பிறகு. மார்ச் 27 வந்த கடிதம் அது. “அடுத்த கிழம டாக்டர் சொல்றேன்னுருக்காரு அம்மா” என்று அதில் இருந்ததை வாசித்தேன். பேச்சியம்மா இரண்டு கையாலும் என் காலைத் தொடப் போனாள். நான் விலகிக்கொண்டேன்.

“ஒங்க கை ராசிங்க சின்னையா. நீங்க நல்லாருக்கணும்.”

மறுநாள் ஒரு பொட்டலம் அவித்த சோளம் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் காலையில் தின்னாமல் இருந்தாள் என்பதால் அதை வாங்க எனக்குச் சங்கடமாக இருந்தது. வாங்கினேன்.

ஏப்ரல் 11 முதல் மூன்றாம் கட்டம். இதில் கடிதமே கிடையாது. பலன் முற்றாக நின்ற பிறகு எத்தனை நாளில் காத்திருப்பது நிற்கும் என்பதே கேள்வி. வேலை நாட்களில் தொடர்ந்து மூன்று நாள் அவள் நிற்காவிட்டால் காத்திருப்பு அணைந்துவிட்டது என்று கொள்வதாக விதி வைத்தேன். விதி வைத்தால் அதை மாற்றக்கூடாது என்று கற்றுத்தந்தவர் நீங்கள்.

அவள் நின்றாள். சித்திரை வருடப் பிறப்பு லீவில் நிறுவையே கிடையாது. ஈஸ்டர் பூசை முடிந்து அம்மாவோடு வரும்போது, பூட்டிக் கிடந்த மடுவத்துத் தூண் பக்கம் அவள் நிற்பதைக் கண்டேன். அம்மா, “யார்ரா அது, பாவம்” என்றார். தெரியாது என்றேன். லீவு நாளைக் கணக்கில் சேர்ப்பதா என்று அன்று முழுவதும் யோசித்தேன். சேர்க்கவில்லை.

பெப்ரவரியில் அவள் மத்தியானத்துக்கு இருபது ராத்தல் கொழுந்து கொண்டுவருவாள். மே முதல் கிழமையில் பன்னிரண்டு. ராத்தலை எழுதியவன் நான். கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார். டிராயரில் ஐந்து கடிதங்கள் சேர்ந்திருந்தன. மே 1க்குப் பிறகு புதிதாகக் கடிதம் வரவில்லை.

இனி உங்கள் கேள்விக்குறிக்கு வருகிறேன்.

மே 11 சனிக்கிழமை, நிறுவை முடிந்ததும் பேச்சியம்மா நிற்காமல் போனாள். ஞாயிறு வேலை இல்லை. 13 திங்களும் நிற்கவில்லை. இன்னும் ஒரு நாள் போதும். 14 செவ்வாய், பதினொரு மணிக்குப் பையைத் திறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்துக்கு ஒரு தந்தி இருந்தது. பெரிய துரை சீமைக்கு லீவில் போயிருந்தார். சின்னத் துரை தேயிலை மலைக்குப் போயிருந்தார். இப்படியான நேரத்தில் தந்தியை நான்தான் பிரிப்பேன். வீரய்யாவின் நிலை மோசம், தாயை உடனே அனுப்பவும் என்று இருந்தது.

தந்தியைப் பற்றி என் திட்டத்தில் எதுவும் இல்லை. அது கடிதமா, வேறா என்று முடிவு செய்யவேண்டியிருந்தது. மத்தியானம் வரை ஒரு மணி நேரம்தான். அதுவரை பொறுத்தால் மூன்றாவது நாளும் முடியும். அதன் பிறகு கொடுத்தால் ஆராய்ச்சிக்கும் அவளுக்கும் பாதகம் இல்லை. அன்று இப்படித்தான் யோசித்தேன். இப்போது வாசித்தாலும் இந்த யோசனையில் பிழை எங்கே என்று உடனே விரல் வைக்க எனக்கு முடியவில்லை.

மத்தியானம் அவள் வந்து நின்றாள். முன்னைவிடக் கிட்ட வந்து நின்றாள்.

“ரெண்டு நாளு நிக்கலீங்க சின்னையா. கோவிச்சுக்காதீங்க.”

“ஏன்?”

“இந்த அம்மாக்கண்ணு வம்பு பண்ணி வாயில ஊட்டி விட்டுட்டாங்க. தின்னுட்டு வந்து நின்னு என்னா புண்ணியம்? வராதுன்னு தெரியும்ல. இன்னைக்குத் திங்கல. பச்சத் தண்ணிகூடக் குடிக்கல.” பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள். “ஏதும் வந்துச்சுங்களா?”

தந்தி அந்தப் பையில்தான் இருந்தது. நான் இல்லை என்றேன்.

மாஸ்டர், அந்த இரண்டு நாளும் காத்திருப்பு அணையவில்லை என்பதைக் கவனியுங்கள். அவள் கண்டுபிடித்த விதிப்படி நடந்தாள், அவ்வளவுதான். ஆகவே என் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கவேண்டியிருந்தது. 15, 16, 17 மூன்று நாளும் நின்றாள். முப்பத்தொரு நிமிடம், முப்பத்தாறு நிமிடம், நாற்பது. அவள் இவ்வளவு நேரம் முன்பு நின்றதில்லை.

18 சனிக்கிழமை இரண்டாவது தந்தி வந்தது. அதைக் கொடுத்தேன். மடுவத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தேன். அதில் இருந்தது ஒரே வரி. பேச்சியம்மா அழவில்லை. கூடையைத் தேடினாள். அது அவள் முதுகில்தான் இருந்தது. சின்னத் துரை அப்போதே லீவு கொடுத்தார். அம்மாக்கண்ணுவின் புருஷன் துணைக்குப் போனார். அவர்கள் போய்ச் சேருமுன் ஆஸ்பத்திரியில் அடக்கம் முடிந்திருந்தது. வாய்க்கரிசி போட அங்கே யாரும் இருக்கவில்லை.

மூன்று நாள் கழித்து அவள் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். கையில் மகனுடைய சட்டை ஒன்று மடித்து வைத்திருந்தாள்.

“சின்னையா, பக்கத்துக் கட்டில்காரரு, எனக்கு வந்ததுக்குப் பொறவும் அஞ்சு காயிதம் எழுதிக் குடுத்தேன்னாருங்க. அம்மா வரல வரலன்னு கேட்டுக்கிட்டே இருந்தானாம். அந்தக் காயிதம் எல்லாம் எங்கங்க போயிருக்கும்?”

“வழியில் தொலைந்திருக்கலாம்” என்றேன்.

என் காலருகே இருந்த மேசை டிராயரில் அவை வரிசையாக, திகதி குறித்து, நூலால் கட்டி இருந்தன.

பெரிய கிளாக்கர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் பழனியாண்டியை விசாரித்தார்கள். அவர் கொஞ்சம் குடிப்பவர். பை அவர் கையில் இருந்தது என்பது தவிர வேறு சாட்சி தேவைப்படவில்லை. பதினேழு வருடம் தப்பால் சுமந்தவர் இப்போது மலையில் மண்ணைக் கிளறி முள்ளுக் குத்துகிறார். அவருக்காக ஆபீஸுக்கு வந்து பேசியது பேச்சியம்மா மட்டும்தான்.

“அண்ணன ஒண்ணும் பண்ணிராதீங்க சாமி. அவரு என்னா செய்வாரு? நான் ரெண்டு நாளு தின்னுட்டேன். அதுக்குள்ள எம் புள்ள போயிட்டான்.”

இதை என்னைப் பார்த்துச் சொன்னாள். அவள் நினைப்பது பிழை என்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் ஆதாரத்தோடு தெரியும். அட்டவணை என் மேசை மேல் விரித்தபடி இருந்தது. ஒரு வாக்கியம் போதும். நான் அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார் என்றேன்.

இத்தனையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு திருத்தம் எழுதவேண்டியிருக்கிறது. கடிதங்களைப் பிரிக்கவில்லை என்று மேலே எழுதியது, டிராயரில் கிடந்தவற்றில் ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு உண்மை. ஏப்ரல் 3ஆம் திகதி வந்த கடிதத்தை, ஏப்ரல் 5 வெள்ளிக்கிழமை, ஆபீஸ் கேத்தல் ஆவியில் காட்டிப் பிரித்தேன். வாசித்துவிட்டுப் பசை பூசி ஒட்டினேன். உறையின் ஓரம் சற்றுச் சுருங்கியிருப்பதை நீங்கள் பார்க்கலாம். உள்ளே இருப்பது இதுதான்:

“அம்மா, டாக்டர் சரின்னுட்டாரு. வாங்க. வரும்போது மொளகாத் தூளு கொஞ்சம் கொண்டாங்க, இங்க சோறு சப்புன்னு இருக்கு.”

குறிப்புப் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்தால் இன்னொன்றும் தெரியும். மூன்றாம் கட்டம் வேறு மையில் எழுதியிருக்கிறது. ஏப்ரல் 5 வரை என் திட்டத்தில் இரண்டு கட்டங்களே இருந்தன. அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தால் பேச்சியம்மா புறப்பட்டுப் போயிருப்பாள், ஆராய்ச்சி அத்தோடு நின்றிருக்கும். ஆகவே அன்றே, ஆபீஸ் மேசையில், மூன்றாம் கட்டத்தை எழுதினேன். அதற்கு ஐந்து நாள் கழித்து, ‘அடுத்த கிழம சொல்றேன்னுருக்காரு’ என்ற பழைய கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டியபோது, அதன் பதில் என் டிராயரில் இருப்பது எனக்குத் தெரியும். ஏப்ரல் 5 முதல் மே 18 வரை நாற்பத்து மூன்று நாள். வீரய்யா அத்தனை நாளும் உயிரோடு இருந்தான். அந்த நாட்களை நான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்து கடிதங்களையும் முதல் தந்தியையும் இதோடு வைத்திருக்கிறேன். பழனியாண்டி விஷயத்தில் ஆபீஸுக்கு நான் எழுதவேண்டியதையும் எழுதுவேன். கட்டுரையை ஒப்படைக்கும் திகதி போன பிறகு எழுதலாம் என்றிருக்கிறேன்.

பேச்சியம்மா இப்போதும் காலையில் சாப்பிடுவதில்லை. இனி எதற்கு என்று அம்மாக்கண்ணு கேட்டதற்கு, அந்த ரெண்டு நாளைக் கழிக்கிறேன் என்றாளாம். நேற்று மத்தியானம் ஒன்பது ராத்தல். ஆராய்ச்சி முடிந்தும் அதை ஏன் என் புத்தகத்தில் எழுதினேன் என்று தெரியவில்லை. கை பழகிவிட்டது. நிறுவை முடிந்ததும் தூண் பக்கம் நின்றாள், பதினொரு நிமிடம்.

நான் என்ன செய்தேன் என்பதை எண்களோடு எழுதிவிட்டேன். செய்யாததையும் ஒன்று குறிக்கவேண்டும், அது எனக்குச் சாதகம் என்பதற்காக அல்ல, முழுமைக்காக. சாப்பிட வேண்டாம் என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.